செட்டிநாட்டு வீடுகளில் வைஃபை வலையமைப்பு

புதுக்கோட்டை மாவட்டத்தின் இராயவரம், அரிமளம், கோனாபட்டு முதலிய ஊர்களில் நகரத்தார் கட்டிய பழைய வீடுகள் பல, முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவரை நீள்பவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என வரிசையாக அமைந்த பகுதிகளைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட தடித்த சுவர்கள் பிரிக்கின்றன. முகப்பில் வைத்த ஒற்றை ரவுட்டரின் அலை அடுப்படியை எட்டுவதற்குள் மெலிந்துவிடும். விலை கூடிய ரவுட்டர் வாங்கினாலும் பெரும்பயன் இல்லை. கைபேசியின் மெல்லிய அலையும் அதே சுவர்களைக் கடந்து திரும்பியாக வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் விரைவில் தளரும். எனவே இத்தகைய வீட்டுக்கு மெஷ் முறையே ஏற்றது. இதில் பல சிறு கருவிகள் ஒரே பெயரில் ஒரே வலையமைப்பாக இயங்கும்.

அலை கிடைக்காத இடத்திலேயே இரண்டாவது கருவியை வைப்பது பலர் செய்யும் தவறு. அங்கே அந்தக் கருவிக்கே அலை எட்டாது. வளவின் நடுவிலுள்ள முற்றம் இங்குக் கைகொடுக்கிறது: திறந்தவெளியில் அலைக்குத் தடையில்லை. முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்தில், இரும்புப் பெட்டி, பீரோ ஆகியவற்றிலிருந்து விலகி, ஆள் உயரத்துக்கு மேல் கருவியைப் பொருத்தலாம்.

கருவிகள் தமக்குள் அலைவழியே பேசிக்கொண்டால் வேகத்தில் ஒரு பங்கு அதற்கே செலவாகும். இரண்டாங்கட்டுவரை ஈத்தர்நெட் கம்பி இழுப்பதே நம்பகமானது. 100 மீட்டர்வரை தாங்கும். நிலையோரமாகக் கொண்டுசென்றால் பழைய சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. மின்தடையின்போதும் இணைப்பு நீடிக்க, ஃபைபர் மோடத்துக்கும் ஒவ்வொரு மெஷ் கருவிக்கும் சிறிய யுபிஎஸ் தேவை.