துளைக்கிணறும் தோட்டத்துப் பிள்ளைகளும்

அடையற் பாறையைக் கற்பிக்கப் பண்டாரவளை ஏற்ற ஊரன்று. இங்கு மலையெல்லாம் உருமாறிய பாறை. எல்லவுக்குச் செல்லும் வீதியோரத்துப் பாறையில் வரிவரியாய்த் தெரியும் பட்டைகளைக் காட்டி, "இவை படிந்த அடுக்குகள் அல்லவா ஐயா?" என்று மாணவர் கேட்பர். அல்ல, ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பமும் அழுக்கமும் வகுத்த பட்டைகள் அவை. ஆயினும் அக்கேள்வியை அடியோடு தள்ள எனக்கு மனம் வருவதில்லை. மலைநாட்டுப் பாறைகளிடையே காணப்படும் சலவைக்கல் ஒரு காலத்துச் சுண்ணாம்புக்கல். குவார்ட்சைட்டு ஒரு காலத்து மணல்.

உருமாறாத அடுக்குகளை வாசிக்க அவர்களை மன்னார்க் கடலுக்கு அழைத்துச் செல்கிறேன், கடதாசியில்தான். 2011இல் அங்கே தோண்டப்பட்ட டொராடோ என்னும் துளையில், 3,000 மீற்றருக்குச் சற்றுக் கீழே, சுமார் 25 மீற்றர் தடிப்புள்ள மணற்கல்லில் இயற்கை வாயு கண்டனர். இத்தகைய ஆழத்துக்கு இறங்கிப் பார்ப்பவர் எவருமில்லை. சேற்றுநீரோடு மேலேறும் பாறைத் துணிக்கைகளும், துளைக்குள் இறக்கிய கருவி வரையும் கோடுகளுமே சான்று. துணிக்கையோ தாமதமாக வந்து சேரும். மேற்சுவரிலிருந்து உதிர்ந்ததும் அதனோடு கலந்திருக்கும்.

ஆதலால் கோடுகளுக்கு வருகிறோம். பொற்றாசியமும் தோரியமும் மிகுந்த மாக்கல்லில் காமாக் கோடு வலப்புறம் ஓடும். தூய மணற்கல்லில் இடப்புறம் ஒதுங்கும். உப்புநீர் நிறைந்த இடத்தில் மின்தடை குறையும். வாயு இருப்பின் ஏறும். இவ்வளவையும் ஒரு பாடவேளையிற் சொல்லிவிடலாம். சிக்கல் பிறகுதான். நமது மலைப்பாறை தேய்ந்து உண்டாகும் மணலிற் பொற்றாசியம் கொண்ட பெல்ஸ்பாரும் கலந்திருக்கும். அத்தகைய மணற்கல், காமாக் கோட்டை மட்டும் நம்புபவனுக்கு மாக்கல்லாகவே தோன்றும். மாதிரிக் கோடுகளில் இதை வேண்டுமென்றே நான் சேர்த்து வைப்பதுண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகளே முதலில் ஏமாறுவர்!

"வாயு இருக்கட்டும் ஐயா, எங்கள் தண்ணீர் எங்கே போனது?" என்றாள் ஒரு மாணவி. 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டபின், பண்டாரவளைப் பகுதியிற் பல கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அவள் வீட்டுக் கிணறும் அவற்றுள் ஒன்று.

மணற்கல்லில் நீர் மணிகளுக்கிடையே தங்கும். இங்கோ மேலுள்ள சிதைந்த பாறையிலும், அடியிலுள்ள கடும்பாறையின் பிளவுகளிலும் தங்குகிறது. அப்பிளவைச் சுரங்கம் வெட்டினால், மேலேயுள்ள நீர் அவ்வழியே இறங்கிவிடும். எந்தப் பிளவு எந்தக் கிணற்றைத் தொடுகிறது என்பதை மேலிருந்து எளிதிற் சொல்ல முடியாது. இரு கிணறுகளுக்கிடையே அளவுகோல் வைத்துக் கோடிழுப்பதை நான் அனுமதியாததும் இதனாலேயே.

இப்போது அவர்கள் கிணறு வெட்டுவோரிடம் கேட்டு, செம்மண் எத்தனை அடி, சிதைந்த பாறை எத்தனை அடி, கருங்கல் எங்கே தட்டியது என எழுதி வருகிறார்கள். மாதத்தின் முதற் சனிக்கிழமை, முடிச்சிட்ட கயிற்றால் நீர்மட்டம் அளக்கிறார்கள். அதன் பக்கத்தில் அம்மாத மழையின் அளவையும் குறிக்கிறார்கள்.