தாத்தாவின் ஸ்டாம்ப் ஆல்பமும் ஆன்லைன் ஏலமும்: லாபம் யாருக்கு?

பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் பரண் மேலிருந்து ஒரு பழைய ஆல்பம் கிடைக்கிறது. தாத்தா சேர்த்த தபால்தலைகள். புரட்டினால் நடுவில் காந்தி, 10 ரூபாய். கை சும்மா இருக்குமா? உடனே போனை எடுத்துத் தேடுகிறோம். அதே ஸ்டாம்ப் ஒரு இடத்தில் சில நூறு ரூபாய், இன்னொரு இடத்தில் பல ஆயிரம், வேறொரு இடத்தில் லட்சம். படத்தில் எல்லாம் ஒரே காந்திதான்.

இங்கே இரண்டு கேள்விகள் வருகின்றன. சரியான விலை எது? அசல் ஸ்டாம்ப் எது? முதல் கேள்விக்கு ஆன்லைன் ஏலத் தளங்கள் முன்பு யாருமே உதவாத அளவுக்கு உதவுகின்றன. இரண்டாவது கேள்வி வரும்போது நம்மை நட்டாற்றில் விட்டுவிடுகின்றன. சேகரிப்பவர்களுக்கு இந்தத் தளங்களால் நல்லதா, கெட்டதா என்ற வாதம் முழுக்க இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஏலம் ஒண்ணும் புதுசு இல்லை

உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான ‘பென்னி பிளாக்’ பிரிட்டனில் 1840-ல் வந்தது. 1865-ல் பாரிஸிலும், 1870-ல் நியூயார்க்கிலும், 1872-ல் லண்டனிலும் தபால்தலை ஏலம் தொடங்கிவிட்டது. நேரில் வர முடியாதவர்கள் என்ன செய்வது? “இவ்வளவு வரைக்கும் தருவேன்” என்று கடிதம் எழுதிப் போட்டார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெயின்ரைட் அண்ட் லூயிஸ் என்ற நிறுவனம் 1893-ல் இதை ஒரு விதியாகவே மாற்றியது. அதிகத் தொகை எழுதியவருக்குத்தான் ஸ்டாம்ப். ஆனால் அவர் கட்ட வேண்டியது, இரண்டாவதாக வந்தவரின் தொகையை ஒட்டித்தான்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 1995-ல் தொடங்கிய ஈபே தளத்தில் நாம் அதிகபட்சத் தொகையைச் சொல்லிவிட்டால், நம் சார்பில் கணினி ஏலம் கேட்பதும் ஏறக்குறைய இதே கணக்குதான். நீங்கள் 2,000 ரூபாய் என்று வைத்து, அடுத்தவர் 1,200 ரூபாயோடு நின்றுவிட்டால், 1,200-க்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கிவிடலாம். 2,000 முழுசாகப் போகாது. ஆக, இன்றைய ஏலத் தளத்தின் மூளை, அந்தக் காலத்து ஸ்டாம்ப் வியாபாரிகளின் மூளைதான்.

என்ன நல்லது நடந்தது?

முதல் நன்மை, தூரம் போய்விட்டது. திருநெல்வேலியில் இருந்துகொண்டு பழைய சிலோன் ஸ்டாம்ப் சேர்க்கும் ஒருவர், முன்பெல்லாம் சென்னைக்கு வரும்போதுதான் தேட முடியும். வியாபாரி எடுத்துக் காட்டுவதுதான் சரக்கு. இன்று லண்டனில் ஒருவர் விற்பதை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

இரண்டாவது, விலை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. கேட்லாக் புத்தகத்தில் போட்டிருப்பது ஒரு விலை, கடைக்காரர் சொல்வது ஒரு விலை, கடைசியில் கைமாறுவது வேறு விலை. இந்த மூன்றாவது விலை முன்பு வெளியில் தெரியவே தெரியாது. இப்போது ‘விற்று முடிந்தவை’ பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கே பார்த்தாலும் கிடைக்கிற சாதாரண ஸ்டாம்புக்கு ‘அபூர்வம்’ என்று பெயர் வைத்து விற்பது கஷ்டமாகிவிட்டது.

“நேரடி ஏலம்தான் யோக்கியமானது” என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நியூயார்க் கதையைச் சொல்லலாம். அங்கே 11 மொத்த வியாபாரிகள் கூட்டணி போட்டு, 1997 வரை 15 ஆண்டுகளுக்கும் மேலாக ஏலங்களை வளைத்து வைத்திருந்தார்கள். பொது ஏலத்துக்கு முன்பே தங்களுக்குள் ரகசியமாக ஒரு ஏலம் நடத்தி, யார் எதை எடுப்பது என்று முடிவு செய்துகொள்வார்கள். அரங்கில் ஒருவருக்கு எதிராக ஒருவர் கை தூக்கமாட்டார்கள். மிச்சமான பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நஷ்டம், ஆல்பத்தை விற்க வந்த குடும்பங்களுக்கு. பொருளாதார ஆய்வாளர் ஜான் ஆஸ்கர் 2010-ல் இதைப் பற்றி விரிவாக ஆய்வுக் கட்டுரை எழுதினார். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் கேட்கும் ஏலத்தில் இப்படி 11 பேர் சேர்ந்து வளைப்பது சுலபம் இல்லை.

அப்போ எங்கே இடிக்குது?

மறுபடியும் அந்தக் காந்தி ஸ்டாம்புக்கே வருவோம். 1948 ஆகஸ்ட் 15-ல் இந்தியா வெளியிட்ட முதல் காந்தி வரிசை அது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய் என்று நான்கு மதிப்புகள். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிராவூர் முறையில் அச்சானது. அன்றைக்கு 10 ரூபாய் பெரிய பணம். அதனால் அந்த 10 ரூபாய் ஸ்டாம்புக்கு இன்றும் நல்ல கிராக்கி. கிராக்கி இருந்தால் போலியும் இருக்குமே!

இதே ஸ்டாம்பில் ‘சர்வீஸ்’ என்று ஆங்கிலத்தில் மேலச்சுப் போட்டு, கவர்னர் ஜெனரல் அலுவலகப் பயன்பாட்டுக்காக 100 மட்டுமே கொடுத்தார்கள். அதில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017-ல் 5 லட்சம் பவுண்டுக்கு விலை போனது. சாதாரண 10 ரூபாய் ஸ்டாம்புக்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், ஆங்கிலத்தில் ஏழே ஏழு எழுத்து. அந்த எழுத்து 1948-ல் விழுந்ததா, போன மாதம் விழுந்ததா என்று போன் படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

படத்தில் தெரியாத சங்கதிகள் இன்னும் இருக்கின்றன:

• பின்பக்கப் பசை: ஒட்டிய தடமே இல்லாத அசல் பசைக்குத்தான் அதிக விலை. தேய்ந்துபோன பசையின் மேல் புதுசாகப் பூசி ஏமாற்றுவது பழைய தந்திரம்.

• ஓரப் பல்: கிழிந்த ஓரத்தை வெட்டிப் புதுத் துளை போடுவார்கள். அளந்து பார்த்தால்தான் பிடிபடும்.

• அழித்த மை: பேனாவால் அடித்த பழைய ஸ்டாம்பைக் கழுவி ‘பயன்படுத்தாதது’ என்று விற்பார்கள்.

• மெலிந்த தாள்: ஆல்பத்திலிருந்து பிய்க்கும்போது பின்னால் தாள் உரிந்திருக்கும். முன்பக்கம் பளபளவென்றுதான் இருக்கும்.

கடையில் வாங்கினால் இடுக்கியால் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், வெளிச்சத்தில் பிடிக்கலாம். ஆன்லைனில், விற்பவர் எதைக் காட்டுகிறாரோ அதுதான் நமக்குக் கண்.

விலையும் பொய் சொல்லும்

சாதாரண ஸ்டாம்புக்கு யாரோ ஒருவர் 10 லட்சம் என்று போட்டு வைத்திருப்பார். அது கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “உங்க வீட்டுலயும் இது இருக்கா?” என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் வதந்தி தயார்.

ஏலத்தில் ஏறும் விலையையும் அப்படியே நம்ப முடியாது. விற்பவரே வேறு கணக்கிலோ, நண்பர் மூலமாகவோ கேட்டு விலையை ஏற்றிவிடலாம். தளங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன. ஆனாலும் வெளியிலிருந்து பார்க்கும் நமக்குக் கண்டுபிடிப்பது கடினம்.

விற்கப் போகிறவர்களுக்கும் வலை உண்டு. “உங்க பழைய நோட்டு, நாணயத்தை லட்சங்களுக்கு வாங்கிக்கிறோம், முதல்ல கமிஷன் கட்டுங்க” என்று சொல்லும் கும்பல்கள் தன் பெயரையே பயன்படுத்துவதாக 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. ஸ்டாம்புக்கும் அதே பாடம்தான். வாங்குகிறவர் நமக்குப் பணம் தர வேண்டும். நாம் ஏன் அவருக்கு முன்பணம் கட்ட வேண்டும்?

அந்த நாடே வெளியிடாத ஸ்டாம்ப்

கிரிக்கெட், கார், பறவை, சினிமா நட்சத்திரம் என்று கண்ணைப் பறிக்கும் ஸ்டாம்ப் தாள்கள் குறைந்த விலைக்கு வரும். மேலே ஏதோ ஒரு ஆப்பிரிக்க நாட்டின் பெயர் இருக்கும். அந்த நாட்டின் தபால் துறைக்கே அது தெரியாது! யாரோ ஒரு தனியார் அச்சடித்தது. குழந்தைகள் ஆசையாக முதலில் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

இதைச் சமாளிக்கவே சர்வதேசத் தபால் ஒன்றியம் 2002 முதல் அசல் வெளியீடுகளுக்கு எண் கொடுத்து, டபிள்யூஎன்எஸ் என்ற பட்டியலாக இணையத்தில் வைக்கிறது. எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை. இருந்தாலும் 2002-க்குப் பிந்தைய ஸ்டாம்ப் வாங்கும் முன் ஒரு எட்டு பார்த்துவிடுவது நல்லது.

தளமே இல்லாத ஏலம்

இந்தியாவில் இன்னொரு திருப்பம் நடந்தது. பாஸி டாட் காம் தளத்தை 2004-ல் ஈபே வாங்கியது. 2017-ல் ஈபே இந்தியா ஃபிளிப்கார்ட்டிடம் போனது. 2018 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது. ஆனால் சிறு சேகரிப்பாளர்களின் ஏலம் நிற்கவில்லை. அதில் பெரும்பகுதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது.

இரவு 9 மணிக்குப் படம் போடுவார்கள். பத்து மணிக்குள் விலை சொல்ல வேண்டும். ஜெயித்தவர் யுபிஐ-யில் பணம் அனுப்ப வேண்டும். நல்ல குழு என்றால் அட்மின் எல்லாரையும் அறிந்தவராக இருப்பார், தகராறு வந்தால் பேசித் தீர்ப்பார். இல்லாவிட்டால்? பணம் அனுப்பியாச்சு, பார்சலைக் காணோம், நம்பரையும் பிளாக் பண்ணியாச்சு. ஏலத் தளத்தில் புகார் கொடுக்கவும், பணத்தைத் திரும்பக் கேட்கவும் ஒரு வழியாவது இருக்கும். இங்கே அட்மினின் நல்ல மனசுதான் ஒரே உத்தரவாதம்.

நிஜமான இழப்பு

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், பொருளைக் கண்டுபிடிப்பதில் ஏலத் தளங்கள் பெரிய உதவி. ஆனால் ஒரு கடைக்காரரோ, சங்கத்துப் பெரியவரோ பொருளோடு சேர்த்து இன்னொன்றையும் கொடுத்தார்கள். “இதை வாங்காதப்பா, பின்னாடி பாரு, தாள் உரிஞ்சிருக்கு” என்ற ஒரு வரி. பத்து முறை இப்படிக் கேட்டவருக்குத் தானாகவே கண் பழகிவிடும். ஏலத் தளத்தில் அந்த வரியைச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் விஷயம் தெரிந்தவருக்கு அது பொற்காலம், புதுசாக வருபவருக்குக் கண்ணி. முதல் வருஷமே இரண்டு போலி வாங்கி மாட்டியவர், மூன்றாவது வாங்கமாட்டார். ஆல்பத்தையே மூடிவிடுவார்.

ஏலத்தில் கை வைக்கும் முன்

1. முதல் ஆறு மாதம் தபால் நிலையத்திலேயே வாங்குங்கள். சென்னை அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையம் போன்ற இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. குறைந்தது 200 ரூபாய் கட்டி வைப்புக் கணக்கு தொடங்கினால் புது ஸ்டாம்புகள் வீட்டுக்கே வரும். முகமதிப்புதான் விலை, போலி பயமும் இல்லை.

2. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பல் அளவுகோல், நுனி தட்டையான இடுக்கி ஆகிய மூன்றையும் முதலில் வாங்குங்கள்.

3. பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த ஸ்டாம்பைப் பாருங்கள்.

4. ‘விற்று முடிந்த’ விலையில் குறைந்தது பத்தைப் பார்த்துவிட்டு உங்கள் உச்சத் தொகையை முடிவு செய்யுங்கள். தபால் செலவு, கமிஷனையும் அதிலேயே சேருங்கள். கடைசி நிமிடப் பரபரப்பில் அதைத் தாண்டாதீர்கள்.

5. ஆயிரக்கணக்கில் விலை போகும் ஸ்டாம்ப் என்றால் நிபுணர் குழுவின் சான்றிதழ் அவசியம். சான்றிதழிலும் போலி உண்டு. எண்ணைக் கொடுத்து, வழங்கிய அமைப்பிடமே சரிபாருங்கள்.

6. பக்கத்தில் உள்ள சங்கத்தில் சேருங்கள். சென்னையில் தென்னிந்தியத் தபால்தலை சேகரிப்போர் சங்கம் 1956 முதல் இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் பேசினால் கிடைப்பது, நூறு ஏலப் பக்கம் புரட்டினாலும் கிடைக்காது.

சரி, தாத்தாவின் காந்தியை என்ன செய்வது? அவசரப்பட்டுப் பிய்க்காதீர்கள். உறையோடு ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊற வைக்கவே கூடாது. சில சமயம் ஸ்டாம்பைவிட முத்திரையும் முகவரியும் உள்ள அந்த உறைக்குத்தான் மதிப்பு அதிகம். ஆல்பத்தோடு எடுத்துக்கொண்டு போய், தெரிந்தவர் ஒருவர் கண்ணில் காட்டுங்கள். அசல் என்று அவர் சொன்ன பிறகு விற்பதா, வைத்துக்கொள்வதா என்று யோசிக்கலாம். ஏலத் தளம் எங்கேயும் ஓடிப்போகாது.