கேபிளா? டிஷ்ஷா?

எங்க வீட்டில் கேபிள், எதிர்வீட்டு அத்தை வீட்டில் டிஷ். பயராபீசில் வேலை செய்யும் அம்மா நிம்மதியாகப் படம் பார்ப்பது தீபாவளியன்றுதான். ஒரு தீபாவளிக்குக் கனமழை. அத்தை வீட்டில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்னுபோச்சு. அத்தை எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க! ஏன் தெரியுமா?

இரண்டுக்கும் படம் வருவது 36,000 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களில் இருந்துதான். வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் 2.5 செ.மீ. அதைக் கனமழை உறிஞ்சிவிடும். கேபிள்காரரின் பெரிய டிஷ் வாங்கும் அலை சுமார் 7.5 செ.மீ. அதை மழை அதிகம் பாதிக்காது.

வானம் தெளிவாக இருந்தால்? இரண்டும் டிஜிட்டல்தான், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், பக்கத்துத் தெருவில் கரண்ட் போய் ஆம்ப்ளிஃபயர் நின்றால் கேபிள் அவுட்! அன்னைக்கு அம்மாவோடு நாங்க அத்தை வீட்டுக்கு ஓடுவோம்.