நீலமலர் நிறம் மாறியது ஏன்?

உதகைக்குச் சென்று திரும்பிய நம் பங்குத் தாய் ஒருவர், நீலக் கொத்தாய்ப் பூத்திருந்த ஹைட்ரேஞ்சியாச் செடி ஒன்றை வாங்கி வந்தார். மாதா கெபியில் நீலமலர் வைக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. மறு ஆண்டு செடி பூத்தது; ஆனால், நீலமாக அன்று, இளஞ்சிவப்பாக! "சாமி, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? அல்லது என் வேண்டுதலில்தான் குறையா?" என்று கலங்கி நின்றார்.

இரண்டும் அல்ல. காரணம் மண்ணில் இருக்கிறது. புளிப்புத்தன்மை உள்ள மண்ணில் அலுமினியம் கரைந்து, வேர்வழியே மலரைச் சென்றடைகிறது, நீலம் பிறக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது கரைவதில்லை; மலர் இளஞ்சிவப்பாகிறது. உதகையின் மலைமண் முதல் வகை. நம் தருமபுரிச் சமவெளியிலோ பல ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரே உப்பும் சுண்ணாம்பும் கலந்தது.

ஆயினும் இங்கு இச்செடியை வளர்க்க இயலாது என்பதில்லை. அடியில் துளையுள்ள பெரிய தொட்டியில் செம்மண்ணும் நன்கு மக்கிய இலையுரமும் கலந்து நடுங்கள். அடுப்புச் சாம்பலை இடாதீர்கள். அது மண்ணின் புளிப்பைப் போக்கிவிடும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் புறமே ஏற்ற இடம். தென்னை நாரால் மண்ணை மூடுங்கள். நண்பகலில் இலைகள் துவண்டாலும், மண் ஈரமாயிருப்பின் மாலையில் தாமே நிமிரும். பூ வாடியதும் கொத்தை மட்டும் நறுக்குங்கள். பல வகைகள் முந்திய ஆண்டுக் கிளையிலேயே பூப்பதால், கிளைகளை அடியோடு வெட்டினால் அடுத்த பூ கிடைக்காது. இலைகள் நச்சுள்ளவை, ஆடுமாடுகள் மேயாதவாறு காத்துக்கொள்ளுங்கள்.

இனி, முக்கியமான செய்தி. இச்செடிக்கு நீர் மிகுதியாக வேண்டும். அதை எங்கிருந்து கொடுப்பது? நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு நம் மக்களின் பற்களையும் எலும்புகளையும் கெடுத்த துயரத்தை நாம் அறிவோம். அத்துயர் தீர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. தெருவில் குடங்கள் வரிசையில் காத்திருக்க, அந்த நீரைப் பூச்செடிக்கு ஊற்றுதல் தகுமா? தாகமுற்றோருக்குத் தண்ணீர் தந்தோமா என்றல்லவா ஆண்டவர் இறுதி நாளில் நம்மைக் கேட்பார்!

தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால், சுண்ணாம்பு இல்லாத அந்நீரே இச்செடிக்கு மிக உகந்தது. அது தீர்ந்தபின் காய்கறியும் அரிசியும் கழுவிய நீர் உதவும். அதற்கேற்ப ஒரே ஒரு தொட்டி போதும்.

இதையே அத்தாயிடம் சொன்னேன். இப்போது அவர் வீட்டில் செடி ஒன்றே உண்டு. அது பூக்காத நாட்களில் முற்றத்து நந்தியாவட்டை கெபிக்குச் செல்கிறது. இளஞ்சிவப்பு மலரையும் வெண்மலரையும் நம் அன்னை மனமுவந்து ஏற்பார். அயலாரின் குடத்தை வெறுமையாக்கி மலர்ந்த நீலத்தை அவர் விரும்பார்.