பிரஷர் மாத்திரையும் கால் எரிச்சலும்



நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வந்த மனுக்களில் ஒரு பெரியவரின் மனு எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவருக்குப் பல வருடங்களாகச் சுகரும் பிரஷரும் உண்டு. பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் வந்தபோது, பிரஷர் மாத்திரைதான் நரம்பைக் கெடுக்கிறது என்று யாரோ சொல்ல, அதை நிறுத்திவிட்டார். அஸர் தொழுதுவிட்டு வரும்போது எங்களிடமும் அதைச் சொன்னார். கேட்டுக்கொண்டோமே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. சில மாதங்களில் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எரிச்சலுக்குக் காரணம் என்ன?

ஊசி குத்துவது போன்ற உணர்வு, எரிச்சல், மரத்துப்போதல் ஆகியவை நரம்புப் பாதிப்பின் அடையாளங்கள். நம்மிடையே இதற்கு முதல் காரணம் நாள்பட்ட சுகர். அடுத்தது வைட்டமின் பி12 குறைவு. சுகருக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்டகாலம் சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சத்து குறையக்கூடும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து ஈடுசெய்யலாம். வழக்கமாகத் தரப்படும் பிரஷர் மாத்திரைகள் நரம்பைக் கெடுப்பது மிக அரிது. மாறாக, பிரஷர் கட்டுப்படாமல் இருந்தால் நரம்புகளுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுண்ணிய குழாய்கள் கெட்டு, பாதிப்பு கூடும்.

மாத்திரைகளால் வரும் தொல்லைகள்

ஆனாலும் சில மாத்திரைகளால் காலில் வேறு தொல்லைகள் வருவதுண்டு.

அம்லோடிபின்: கணுக்கால் வீங்கலாம், 10 மில்லிகிராம் அளவில் இது அதிகம். நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலினும் வீக்கம் தரக்கூடியது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ மாற்று மாத்திரை தரவோ வழியுண்டு.

அடினோலால், மெட்டோப்ரோலால்: கை கால் சில்லிட்டுப் போகலாம். இவற்றைத் திடீரென நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து.

சிறுநீர் பிரியத் தரும் மாத்திரைகள்: உடலில் உப்புச் சத்துகள் குறைந்து கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கால் வலிக்காக டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவை பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரைகளோடு சேரும்போது சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

ஸுஜூதிலிருந்து எழும்போது

நாம் எழுந்து நிற்கும்போது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தலைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்பவையும் நரம்புகளே. சுகர் அவற்றையும் கெடுத்திருந்தால், பிரஷர் மாத்திரையின் வேகமும் சேர்ந்து, எழும்போது கண் இருட்டும். பிராசோசின் போன்ற மாத்திரைகளில் இது அதிகம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு வீடே படும் பாடு உங்களுக்குத் தெரியும். இப்படி இருப்பவர்கள் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷரை அளந்து பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. அதில் கூச்சம் வேண்டாம்.

நோன்பு நாட்களில் மாத்திரை வேளையை நாமாக மாற்றக் கூடாது. ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

ஒளுவே பரிசோதனை

ஐவேளையும் பாதம் கழுவும் நமக்கு அதுவே நல்ல வாய்ப்பு. உள்ளங்காலிலும் விரல் இடுக்கிலும் புண், கொப்புளம், நிறமாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது; எனவே வெந்நீரை வீட்டில் இன்னொருவர் கைவிட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றவேண்டும்.

மருந்து செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். காசு இல்லாமல் மாத்திரையை நிறுத்தியவர்கள் தயங்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே இலவசமாகக் கிடைக்கும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். அதிலும் சிரமம் இருந்தால் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், நாங்கள் இருந்ததுபோல் பேசாமல் இருந்துவிடாதீர்கள். மாத்திரைச் சீட்டோடு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.