கேப்டன் ஸ்மித் – 7: சிலுவைக்கு அப்பால்

1607 டிசம்பரில் சிக்கஹாமினி ஆற்றுச் சதுப்பில் ஜான் ஸ்மித் பிடிபட்டதோடு போன வாரம் நிறுத்தினோம். ஹங்கேரிப் போர், துருக்கியரிடம் அடிமைப்பட்டது எல்லாம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பழங்குடிப் பேரரசர் பவ்ஹாட்டனின் மகள் பொகாஹொன்டாஸ் அவரைக் காப்பாற்றினாளா என்பதை இந்த வாரம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். ஸ்மித்தின் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு நான் முதலில் அழைக்கும் சாட்சி அதுதான்.

1612இல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சான அவருடைய நூலுக்காக வில்லியம் ஹோல் செதுக்கிய வர்ஜீனியா வரைபடம் அது. மேற்குத் திசை மேலே இருக்கும், கடல் கீழே. கப்பலில் வந்து இறங்குகிறவன் கண்ணுக்கு நிலம் எப்படி விரியுமோ அப்படி. கரையெல்லாம் பழங்குடிக் கிராமங்களின் பெயர்கள், நூற்றுக்கும் மேலே. ஏதாவது ஓர் ஆற்றை விரலால் தொட்டுக்கொண்டே மேலே போங்கள். ஓரிடத்தில் சின்னதாக ஒரு சிலுவை நிற்கும். சிலுவை வரை ஆங்கிலேயர் நேரில் போய்ப் பார்த்தது, அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் அந்த மண்ணின் மக்கள் சொல்லிக் கேட்டது என்று படத்திலேயே விளக்கமும் இருக்கிறது.

தற்பெருமைக்காரர் என்று காலமெல்லாம் பெயர் வாங்கிய மனிதர் இவர். அவரே தன் அறிவுக்கு எல்லை வரைந்து, மீதிக்கு உரியவர்கள் வேறு ஆட்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்து வரைபடங்கள் பலவற்றில் கண்டதும் கேட்டதும் கலந்துதான் கிடக்கும்.

அந்தச் சிலுவைகள் தாளில் மட்டும் இருந்தவையும் அல்ல. 1608 கோடையில் பாயும் துடுப்பும் கொண்ட ஒரு திறந்த படகில் இரண்டு முறை செசபீக் விரிகுடாவைச் சுற்றினார்கள். தங்கமும் மேற்கே இன்னொரு கடலுக்கு வழியும் கிடைக்குமா என்று தேடிய பயணம். ஆறுகளில் ஏறிப்போன இடங்களில் மரத்தில் சிலுவை வெட்டினார்கள், சில இடங்களில் பித்தளைச் சிலுவை வைத்தார்கள், மரப்பொந்துகளில் குறிப்பு எழுதி வைத்தார்கள்.

முதல் பயணத்தில் ஸ்மித்தோடு 14 பேர். ஜூலையில் ரப்பஹானாக் ஆற்று முகத்தில் நீர் வற்றிப் படகு தரைதட்டியது. பாசிக்குள் மீன்கள் நெளிந்தன. ஸ்மித் வாளை எடுத்து மீன்களைத் தரையோடு குத்த ஆரம்பித்தார், மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். வாளிலிருந்து ஒரு மீனைக் கழற்றும்போது அது வாலை வீசி மணிக்கட்டில் முள்ளை இறக்கிவிட்டது. அது திருக்கை. கை, புயம், தோள் என்று வீக்கம் ஏறியது. பிழைக்க மாட்டார் என்றே எல்லோரும் முடிவு செய்தார்கள். அவர் காட்டிய இடத்திலேயே, பக்கத்துத் தீவில், குழி தயாரானது. மருத்துவர் வால்டர் ரஸ்ஸல் ஏதோ எண்ணெய் விட்டுப் பார்த்தார். இரவுக்குள் வலி தணிந்தது. ஸ்மித் எழுந்து உட்கார்ந்து, குத்திய அதே திருக்கையைச் சாப்பிட்டார்! அந்த முனைக்கு இன்றும் திருக்கை முனை என்றுதான் பெயர். இந்தப் பயணத்தின் கதை ரஸ்ஸல் உள்ளிட்ட சகபயணிகளின் பெயரில் பதிவாகியிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

சிலுவைக்கு அப்பால் உள்ள ஊர்களைச் சொன்னவர்கள் யார்? பலர். அவர்களில் பேரரசர் பவ்ஹாட்டனே ஒருவர். ஒரு சந்திப்பில் பேசிக்கொண்டே தரையில் கோடு கிழித்து அந்தப் பிரதேசங்களை வரைந்து காட்டியிருக்கிறார். வரைபடத்தின் இடது மூலையில், புகை மண்டிய நீண்ட வீட்டுக்குள் வீற்றிருப்பவரும் அவர்தான்.

அவருடைய தலைநகர் வெரோவோகோமோகோ. மண்ணுக்குள் மறைந்து கிடந்த அந்த ஊரை 2003இல் யார்க் ஆற்றங்கரையில் தொல்லியலாளர்கள் அடையாளம் கண்டார்கள். அதற்கு இந்த வரைபடமும் துணைநின்றது. நானூறு ஆண்டுக்குப் பிறகு ஊரைக் காட்டிக் கொடுக்கும் வரைபடத்தை ஒரு வெற்றுப் பேச்சுக்காரர் வரைந்திருக்க முடியாது என்பது என் கட்சி.

கைதியாக ஸ்மித் கொண்டுபோய் நிறுத்தப்பட்டதும் அந்த ஊரில்தான். 1608இல் அச்சான தன் முதல் விவரணையில் பவ்ஹாட்டனின் உபசரிப்பைச் சொல்கிறவர், பொகாஹொன்டாஸ் உயிரைக் காத்ததைச் சொல்லவில்லை. அந்தக் காட்சி 1624 நூலில்தான் விரிவாக வருகிறது. இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டுதான் 1867இல் ஹென்றி ஆடம்ஸ் அதைக் கட்டுக்கதை என்று வாதிட்டார். ஆடம்ஸ் என்ன சொன்னார், அதற்கு என்ன பதில் என்பதை அடுத்த வாரம் முழுதாக எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)