தாத்தா காருக்கு ஏ.சி.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா 1965-இல் வாங்கிய அம்பாஸடர் இன்னும் ஓடுகிறதாம். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, வெயில் தாங்கவில்லை, அதில் ஏ.சி. வைக்கலாமா என்று கேட்கிறார்.

தாராளமாக வைக்கலாம். கம்ப்ரஸர், கன்டென்சர், கூலிங் காயில் எல்லாம் வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பவைதான். எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது கம்ப்ரஸரின் முகப்பில் இருக்கும் மேக்னடிக் கிளட்ச்.

அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி தன் 1940 மாடல் கார்களில் ஏ.சி. பொருத்தி விற்றது. கூலிங் காயில் டிக்கி இடத்தைப் பிடித்துக்கொண்டது. கிளட்ச் கிடையாது; இன்ஜின் ஓடினால் கம்ப்ரஸரும் ஓடியே ஆகவேண்டும். குளிர் போதுமென்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

என் அம்மா தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றும்போது, கைச்சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்திவிடுவார். சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. திருகை இறுக்கினால் ஊசி இறங்கத் தொடங்கும். கிளட்ச் செய்வதும் அதுதான். பெல்ட்டோடு புல்லி எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளிருக்கும் காயில் காந்தமாகி, முன்தகட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். நடுவே இருப்பது நகத்தின் கனமளவு இடைவெளி. ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அந்த ‘டக்’கை உங்கள் 1,489 சி.சி. இன்ஜின் நன்றாகவே உணரும். அதன் பலமே ஏறக்குறைய 50 குதிரைத்திறன். ஐடிலிங்கில் திணறாமலிருக்க வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைக்கவேண்டும். அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். சிக்னலில் நிற்கும்போது அதுவும் வராது. புளோயர், கிளட்ச், கூடுதல் ஃபேன் மூன்றும் சேர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும். ஆகவே ஆல்டர்னேட்டர் அவசியம். கழற்றிய டைனமோவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய்த் துணி சுற்றிப் பத்திரப்படுத்துங்கள், அதுவும் தாத்தா வாங்கியதுதான்.

கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்காரும். அதன் சூடு முழுவதும் ரேடியேட்டர் மேல்தான் படும். முதலில் ரேடியேட்டரின் உப்பை எடுத்துவிடுங்கள்.

ஒரு பட்டறையில், பழைய கார் ஒன்றின் தகர டேஷ்போர்டை நடுவில் அறுத்து பிளாஸ்டிக் ஜன்னல் வைத்திருந்ததைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் யூனிட் இருக்க, அறுப்பானேன்? முடிந்தவரை வண்டியில் ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே போல்ட் போடச் சொல்லுங்கள். பின்னால் வருகிறவர் கழற்ற நினைத்தால் வண்டி பழையபடியே இருக்கவேண்டும்.

இன்னொன்று, கேஸ். முன்பு போட்டுவந்த ஆர்-12 ஓசோனைத் தின்றது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டியது. இப்போது கார்களில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,400 மடங்கு வலியது. அதை வால்வைத் தளர்த்தி ‘புஸ்’ஸென்று காற்றில் விடுவதைப் பலரும் தப்பாகவே நினைப்பதில்லை. லீக்கை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்றுவதும் அதே பாவம்தான். கேஸ் ஏற்றுமுன் அரை மணி நேரமாவது வேக்கம் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துவாரத்தில் பனியாக உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கதவு ரப்பர்களை இப்போதே மாற்றிவிடுங்கள். அம்மாவை முன் சீட்டில் உட்காரவையுங்கள். தொங்கு யூனிட்டின் குளிர் அம்பாஸடரின் அகலமான முன் சீட்டைத் தாண்டிப் பின்னால் போய்ச் சேர நேரமாகும்.